இன்னும் லைன் தரேல்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஆரோன் ஒரு வித்தை காட்டினான். அவனுக்கு எட்டு வயது. பிறந்தது, வளர்வது எல்லாம் நோர்வேயின் வடக்கே, நாங்கள் இருக்கும் இந்தக் குளிர் நகரத்தில். ஞாயிறுகளில் என் தங்கை றெஜினா மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரான பேசாலையிலிருந்து வீடியோவில் அழைப்பாள். முதல் ஐந்து நிமிடம் ஆரோன் தன் அத்தையோடு தமிழில் பேச வேண்டும். அது இந்த வீட்டுச் சட்டம். ஐந்து நிமிடம் அவனுக்கு ஐந்து மணித்தியாலம்.

"என்ன மோனை சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"ரொட்டி."

"என்ன ரொட்டி? தேங்காய்ப்பூ போட்டதோ?"

"இல்லை. கடை ரொட்டி."

"பள்ளிக்கூடத்தில என்ன படிப்பிக்கினம்?"

இந்த இடத்தில் அவனுடைய தமிழ் தீர்ந்துபோனது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைப் பாதி திறந்தான். ஒரு கையைப் பாதி உயர்த்தினான். அப்படியே நின்றுவிட்டான். கண் இமைக்கவில்லை. லைன் நின்றுவிட்டால் திரையில் முகம் எப்படி உறையுமோ, அச்சொட்டாக அப்படியே.

"நிண்டிட்டுது போல கிடக்கு" என்றாள் றெஜினா. பிறகு சிரித்தாள். "மோனை, உங்களுக்குப் பின்னால திரைச்சீலை ஆடுது."

ஆரோன் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. நான் அவனைத் திட்டுவதற்காகத் தோளில் கை வைத்தேன்.

"விடுங்கோ அண்ணா, ஏசாதேங்கோ" என்றாள். "அவன்ர அப்பாவும் ஒருக்கா லைன் இல்லை எண்டு இருந்தவர்தானே."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த வசனத்திலேயே மழை பற்றியும் கூரையில் பெயர்ந்த ஒரு தகரம் பற்றியும் பேச்சு போய்விட்டது. நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கை மகனின் தோளிலேயே கிடந்தது. பதினான்கு வருடமாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நம்பியிருந்த ஒன்றை, என் தங்கை ஒரு பகிடிக்கு நடுவே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும்போது குளிரைப் பற்றி எழுதுகிறோம், தனிமையைப் பற்றி எழுதுகிறோம். ஊரில் இருப்பவர்கள் அதைப் படித்து எங்களுக்காக இரக்கப்படுகிறார்கள். இந்த முறை இரக்கம் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2

போர் முடிந்த இரண்டாவது வருடம், மீன்வளத்துறையில் மேற்படிப்புப் படிக்க ஒரு புலமைப்பரிசில் கிடைத்து இங்கே வந்தேன். சரிவான மலையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் எனக்கு ஒரு அறை தந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு அலுமாரி. மேசைக்குக் கீழே சுவரில், தொலைபேசி செருகும் துளையைப் போல ஒரு சதுரத் துளை. அதன் மேல் ஒரு எண் ஒட்டியிருந்தது. அதுதான் விடுதியின் வலையமைப்புக்கான வாசல் என்று பக்கத்து அறைக்காரன் சொன்னான். அவன் கானா நாட்டவன். பதியாமல் கம்பியைச் செருகினால் ஒன்றும் வராது, சுவர் செத்த சுவர்தான் என்றான்.

படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பும் ஒருவனிடம் பழைய கணினி ஒன்றை வாங்கினேன். பெட்டி, திரை, விசைப்பலகை, திரைக்கு மேல் கவ்வி நிற்கும் ஒரு சிறிய கமெரா. முதல் பனி விழுந்திருந்தது. குழந்தைகள் சறுக்கும் பலகை ஒன்றை இரவல் வாங்கி, அதில் எல்லாவற்றையும் வைத்துக் கயிற்றால் கட்டி, மலையில் இழுத்துக்கொண்டு ஏறினேன். கமெராவை மட்டும் என் குளிர்ச்சட்டைக்குள் வைத்திருந்தேன். அது ஊரில் என் வீட்டு ஆட்களைப் பார்ப்பதற்கு.

பதிவதற்கு ஒரு படிவம். பெயர், மாணவர் எண், அறை எண், சுவரில் உள்ள துளையின் எண், கணினிக்குள் இருக்கும் வலையட்டையின் எண், விதிகளுக்குக் கீழே கையெழுத்து. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்த கந்தோரில் கொடுக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் திறப்பார்கள், அதுவும் இரண்டு மணித்தியாலம். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு பெண் அங்கே இருந்தார். வலையட்டையின் எண்ணில் எழுத்துகளும் இலக்கங்களும் கலந்து பன்னிரண்டு வரும். ஒரு பூச்சியத்தை நான் ஆங்கில 'ஓ' எழுத்தாக வாசித்து எழுதியிருந்தேன். ஐந்து நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. அந்த எண்ணில் 'ஓ' என்ற எழுத்து வரவே வராதாம்.

திருத்திக் கொடுத்தேன். மறுபடியும் திரும்பி வந்தது. இந்த முறை பெயர். எங்கள் வழக்கப்படி கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் இருந்தது. பல்கலைக்கழகம் ஒரு விதமாகவும் விடுதி இன்னொரு விதமாகவும் பதிந்திருந்தன. விடுதிக் கணக்கில் நான் யூட் இல்லை. அப்பாவின் பெயரில், சந்தியாப்பிள்ளை என்று இருந்தேன்.

அப்போதுதான் மொழி படிக்கத் தொடங்கியிருந்தேன். அந்தப் பெண் ஒருநாள், "உன் அறையில் 'நெத்' வந்துவிட்டதா?" என்று அவர்கள் மொழியில் கேட்டார். அவர்கள் மொழியில் அது வலைக்கும் இணையத்துக்கும் ஒரே சொல்; மீன்வளத்துறை மாணவனுக்கு வலை என்றால் ஒரே வலைதான். "என்னிடம் இல்லை, என் அப்பாவிடம் இருக்கிறது, நைலோன்" என்று பெருமையோடு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் அதை நினைத்துச் சிரித்தேன். அந்த நாட்களில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். லைன் வேண்டும் என்று உண்மையாகவே அலைந்தேன்.

நூலகத்தில் கணினிகள் இருந்தன. ஆனால் கமெரா இல்லை, பேசவும் கூடாது. தொலைபேசி அட்டை வாங்கிச் சனிக்கிழமைகளில் றெஜினாவின் கைத்தொலைபேசிக்கு எடுப்பேன்.

"லைன் வந்திட்டுதோ அண்ணா?"

"படிவம் குடுத்திருக்கிறன். இன்னும் லைன் தரேல்லை."

இந்த வசனம் மூன்று வாரம் உண்மையாக இருந்தது.

3

கைத்தொலைபேசி இருக்கும்போது கமெரா ஏன் என்று கேட்பீர்கள். அப்பாவுக்காகத்தான்.

போரின் கடைசி வருடங்களில் அப்பாவும் அம்மாவும் றெஜினாவும் படகில் இந்தியாவுக்குப் போனார்கள். நான் அப்போது படிப்புக்காக ஊருக்கு வெளியே இருந்தேன். போவதற்குக் கொஞ்சம் முந்தித்தான் அப்பாவுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. காயம் இல்லை. ஆனால் ஒரு காது முற்றாகப் போய், மற்றதில் பாதிதான் மிஞ்சியது. கைத்தொலைபேசியைக் காதில் வைத்தால் இரைச்சல் மட்டும்தான் கேட்கும் என்பார். ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டால் விளங்கும்.

மண்டபம் முகாமில் சில வருடம் இருந்துவிட்டு, நான் நோர்வேக்கு வந்த அதே வருடம் பேசாலைக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வளவுக்குள் தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள். அப்பா இன்னொருவரோடு பங்குக்குக் கடலுக்குப் போகத் தொடங்கினார். கடலுக்குப் போக நேவிக்காரரிடம் பாஸ் காட்ட வேண்டும். அவர்கள் கேட்பது அப்பாவுக்குக் கேட்காது. அதற்காகவே பங்காளி கூடப் போவார்.

மன்னார் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொம்யூனிக்கேஷன் கடை இருந்தது. பலகைத் தடுப்புப் போட்ட நான்கு கணினி, தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன்கள். அந்த ஹெட்போனை மாட்டிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, திரையில் வாய் அசைவதையும் பார்த்தால் அப்பாவுக்குக் கேட்கும். வேறு ஒருவரின் மகன் கனடாவிலிருந்து பேசியபோது கடைக்காரர் அப்பாவை இருத்திப் பரிசோதித்துப் பார்த்தாராம். அப்பா அன்று வீட்டுக்கு வந்து, "தம்பி லைன் எடுத்தவுடன நான் அவனோட கதைக்கலாம்" என்று எல்லோரிடமும் சொன்னாராம். என்னைத்தான் அப்பா தம்பி என்பார்.

அந்த ஒக்டோபரில் றெஜினாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. முகாமில் இருந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கொஞ்சம் கணினியும் படித்திருந்தாள். அந்தச் சான்றிதழை இலங்கையில் எந்தக் கந்தோரும் கணக்கில் எடுக்கவில்லை. பங்குத் தந்தை விசாரித்து, மட்டக்களப்பில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் மீள்குடியேறிய பிள்ளைகளுக்கான இரண்டு வருடக் கணினிப் படிப்பில் அவளுக்கு ஓர் இடம் எடுத்துக் கொடுத்தார். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நவம்பர் கடைசிப் புதன்கிழமைக்குள் அப்பா கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

அப்பா மறுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இந்தியாவுக்குப் போன படகில் றெஜினாவைத் தன் இடுப்போடு கயிற்றால் கட்டிக்கொண்டு போன மனிதர் அவர். கவிழ்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும் என்று. இப்போது அவளைத் தனியே, வழியெல்லாம் காவலரண் தாண்டி, கண்டிராத ஊர் ஒன்றுக்கு அனுப்பச் சொன்னால் எப்படி அனுப்புவார்?

ஒரு சனிக்கிழமை றெஜினா தொலைபேசியில் சொன்னாள்.

"அண்ணா, அப்பா ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டார். தம்பி என்ர முகத்தைப் பாத்து ஓம் எண்டு சொல்லட்டும், நான் கையெழுத்து வைக்கிறன் எண்டு. நீங்கள் சொன்னாக் காணும்."

"கடிதம் எழுதட்டே?"

"கடிதம் வேண்டாமாம். முகம் பாத்துக் கேக்கோணுமாம். நீங்கள் லைனை எடுங்கோ, நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"சரி. வந்தவுடன கதைக்கிறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தேன். போ என்று சொல்லி அவளுக்கு அங்கே ஏதாவது நடந்தால்? அந்த நாட்களில் நடக்காததா? அப்பாவின் முகத்தைப் பிறகு எந்தக் கமெராவில் பார்ப்பேன்? போகாதே என்று சொன்னால், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் சூடான அறையில் இருந்து படித்துக்கொண்டு தங்கைக்குப் படிப்பு வேண்டாம் என்று சொன்னவன் ஆவேன். இரண்டில் எதையும் சொல்லாமல் இருக்க ஒரு வழி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

4

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, நூலகக் கணினியில் என் மின்னஞ்சலைத் திறந்தேன். விடுதிக் கந்தோரிலிருந்து வந்திருந்தது. "அன்புள்ள சந்தியாப்பிள்ளை, உங்கள் இணைப்பு தயாராக உள்ளது." பெயரைக் கடைசிவரை திருத்தவில்லை. காது கேளாத என் அப்பாவுக்கு இந்த நாட்டுக் கந்தோர் ஒரு லைனைக் கொடுத்திருந்தது.

அறைக்கு ஓடினேன். கம்பியின் நுனியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். துளையில் செருகியதும் அது 'டிக்' என்றது. பெட்டியின் பின்னால் ஒரு பச்சை வெளிச்சம் துடித்தது. முகம் பார்த்துப் பேசும் மென்பொருளை இறக்கி, நூலகத்தில் ஏற்கெனவே திறந்து மன்னார்க் கடையின் பெயரையும் சேர்த்துவைத்திருந்த கணக்கில் நுழைந்தேன். கணினியைப் போட்டதும் அது தானாகவே திறக்கும்படி அமைத்தேன். பக்கத்து அறைக் கானாக்காரனை அழைத்துச் சோதித்தேன். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கையை ஆட்டினான். அன்று மாலை முழுவதும் பாட்டுக் கேட்டேன், இரண்டு படம் பார்த்தேன். இரண்டு மாதமாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட தமிழ் அறை முழுக்க நிறைந்தது.

சனிக்கிழமை அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன்.

"லைன் வந்திட்டுதோ அண்ணா?"

திட்டம் போட்டுச் சொன்னேன் என்றால் அது வேறு. நான் திட்டம் போடவில்லை. மூன்று வாரமாகச் சொல்லிப் பழகிய வசனம், வாய் தானாகவே எடுத்துக் கொடுத்தது.

"இன்னும் லைன் தரேல்லை."

பிறகு, "எண்டாலும் நாளைக்குப் பூசை முடிய நாங்கள் பட்டினத்துக்கு வாறம். அப்பாவும் வெளிக்கிட்டிட்டார். சிலநேரம் காலமை தந்தாலும் தருவினம் தானே" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை கந்தோர் பூட்டு, றெஜி."

"பறவாயில்லை. வந்து இருந்து பாக்கிறம்."

மறுநாள் காலை பத்து மணி. மன்னாரில் மத்தியானம் திரும்பி இரண்டரை. பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதக் கணினியைப் போட்டிருந்தேன். மென்பொருளை நான் திறக்கவில்லை. அது தானாகத் திறந்திருந்ததை மறந்துவிட்டேன். திடீரென்று அழைப்பு மணி அடித்தது. திரையின் நடுவே கொம்யூனிக்கேஷன் கடையின் பெயர். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்.

கதிரையில் அப்படியே இருந்தேன். என் கையிலிருந்து பச்சைப் பொத்தானுக்கு நான்கு விரல் தூரம்கூட இல்லை. அந்தப் பக்கம் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. சிவப்பை அழுத்தினால் நான் இருப்பது தெரிந்துவிடும். மேசைக்குக் கீழே குனிந்து, அந்தப் பிளாஸ்டிக் நாக்கை அமர்த்தி, கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மணி நின்றது.

நிலத்தில் இருந்துவிட்டேன். கம்பி கையில் இருந்தது. பக்கத்து அறையில் கானாக்காரன் தன் தாயோடு பலத்த குரலில் சிரித்துப் பேசுவது சுவருக்குள்ளால் கேட்டது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர்கள் வந்தார்கள். அந்த இரண்டு ஞாயிறும் பத்து மணிக்கு முன்னமே நான் கம்பியைக் கழற்றிவிட்டேன். பயத்தில் செய்தது முதல் தரம் மட்டும்தான். மற்ற இரண்டும் யோசித்துச் செய்தவை.

புதன்கிழமை கடந்தது. சனிக்கிழமை றெஜினா சொன்னாள்.

"பாதர் அந்த இடத்தை நறுவிலிக்குளத்துப் பிள்ளை ஒண்டுக்குக் குடுத்திட்டார். பறவாயில்லை அண்ணா. அந்தக் கந்தோர்க்காரர் மெதுவாத்தான் செய்வினம் போல."

"ஓம்" என்றேன்.

5

ஒரு வாரம் விட்டு, லைன் வந்துவிட்டது என்று அறிவித்தேன். மூன்று பேரும் பட்டினத்துக்கு வந்தார்கள். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையோடு இருந்தாள். அப்பா பெரிய ஹெட்போனை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்திருந்தார். அவருடைய மூக்கும் ஒரு கண்ணும்தான் எனக்குத் தெரிந்தன. அவ்வளவு கிட்ட.

"தம்பி, கேக்குது" என்றார். "நல்லாக் கேக்குது."

நான்கு வருடத்துக்குப் பிறகு அவருக்கு என் குரல் கேட்டது. அம்மா அழுதாள். அப்பா என் சாப்பாடு பற்றிக் கேட்டார், குளிர் பற்றிக் கேட்டார், இங்கத்தைய மீன் பற்றிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தப் பார்த்தார். காது கேளாதவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"தங்கச்சியின்ர படிப்பு விசயம். உன்னட்டக் கேட்டுச் செய்வம் எண்டு பாத்தனான். உனக்கு லைன் குடுக்கேல்லை. என்ன செய்யிறது, அது உன்ர பிழையே?"

அவருக்குப் பின்னால் றெஜினா நின்றாள். தலையை மட்டும் ஆட்டினாள், சரி விடுங்கோ என்பது போல.

பிறகு நடந்தது இதுதான். மீள்குடியேற்றப் படிவம், காணிப் படிவம், தொலைந்த பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்று ஊர் முழுக்கப் படிவங்களோடு அலைந்த காலம். கடைக்காரர் றெஜினா தட்டச்சுச் செய்வதைக் கண்டு அவளை வேலைக்கு எடுத்தார். சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். முசலிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். கலியாணம் முடித்தாள். மூத்தவள் மகள், இளையவன் மகன். இப்போது பேசாலையிலேயே பெரிய தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். போட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பது.

அந்த இடத்தைப் பெற்ற நறுவிலிக்குளத்துப் பெண் இன்று மன்னாரில் ஒரு அரச கந்தோரில் கணினிப் பிரிவில் இருக்கிறாளாம். றெஜினா மற்றவர்களின் படிவங்களைக் கொண்டுபோய் அவளுடைய மேசையில்தான் கொடுப்பாள். "அவ நல்ல பிள்ளை அண்ணா. என்னை வரிசையில நிக்க விடமாட்டா" என்று ஒருமுறை சொன்னாள். அதைக் கேட்ட இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அவளுக்கும் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அறிவாள்.

அப்பா நான்கு வருடத்துக்கு முன் இறந்தார். அடக்கத்துக்குப் போனேன். சவக்காலையில் நின்ற ஒருவர் என் கையைப் பிடித்து, "உன்னைக் கேக்காமல் அந்தாள் ஒரு அலுவலும் செய்யாது" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

என்னைச் சமாதானப்படுத்த எனக்கு நிறையக் காரணங்கள் இருந்தன. அவளுடைய வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. நல்ல புருஷன், நல்ல பிள்ளைகள், சொந்தக் கடை. மட்டக்களப்புக்குப் போயிருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமோ யார் கண்டது? இந்தக் காரணங்களைப் பதினான்கு வருடம் ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஆரோன் வாயைப் பாதி திறந்துகொண்டு உறைந்து நின்றபோது எல்லாம் சரிந்தது.

6

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, காருக்குள் இருந்து றெஜினாவுக்கு எடுத்தேன். கடையில் இருந்தாள். பின்னால் போட்டோக்கொப்பி மெஷின் ஓடும் சத்தம்.

"என்ன அண்ணா, வேலை நாளில? சுகமில்லையோ?"

"சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ ஒண்டு சொன்னனி. ஆரோன்ர அப்பாவும் லைன் இல்லை எண்டு இருந்தவர் எண்டு."

"ஓ, அது. சும்மா பகிடிக்கு."

"உனக்குத் தெரியுமோ?"

மெஷினை நிறுத்தினாள்.

"உங்கட பேருக்குப் பக்கத்தில பச்சைப் பொட்டு எரிஞ்சது அண்ணா. நான் பாத்தனான். அமத்தினன், மணி போனது. ஆள் லைனில இல்லாட்டி அப்பிடிப் போகாது. ரெண்டாம் தரம் மணி போய்க்கொண்டிருக்கேக்கையே பச்சை நூந்து போச்சு. முகாமில நான் படிச்சது அதுதானே."

"அப்பா?"

"அப்பா கேட்டவர், பச்சையாத் தெரிஞ்சது, இப்ப இல்லை, என்னெண்டு. அது கடைக்காரற்ற லைட் எண்டு சொன்னன்."

"ஏன் றெஜி? சொல்லியிருக்கலாமே. எனக்கு ஏசியிருக்கலாமே."

"சொல்லி? அப்பா உங்களில வச்சிருந்தது போயிருக்கும். அதால எனக்கு இடம் கிடைச்சிருக்கப் போறதும் இல்லை. ரெண்டும் போறதைப் பாக்க ஒண்டு மிஞ்சட்டும் எண்டு விட்டன்."

பத்தொன்பது வயதில் அவள் அப்படி யோசித்திருக்கிறாள். அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு, நான் எடுக்கமாட்டேன் என்று தெரிந்துகொண்டே, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அதைக் கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் வந்தனி?"

"மனம் மாறுவீங்கள் எண்டுதான்."

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவள், "அது போய்க் கனகாலம்" என்றாள். பிறகு, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு எடுத்திருந்தால் அப்பாவுக்கு என்ன சொல்லியிருப்பீங்கள்?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மிகச் சின்னப் பொய், ஓம் என்ற இரண்டு எழுத்து. ஆனால் பதினான்கு வருடத்துக்குப் பிறகு உண்மை பேசத் தொடங்கியிருந்தேன். அதில் எனக்கு ஒரு சுகம்கூட வந்திருந்தது. இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்ற வேகத்தில் சொன்னேன்.

"அனுப்ப வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன் றெஜி. எனக்குப் பயம்."

கடைக்குள் யாரோ செருமுவது கேட்டது.

"நான் இவ்வளவு காலமும், நீங்கள் எடுத்திருந்தா ஓம் எண்டிருப்பீங்கள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள்.

"றெஜி..."

"சரி அண்ணா. ஆள் ஒண்டு வந்து நிக்குது. வைக்கிறன்."

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வழமையான நேரத்துக்கு எடுத்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆரோனோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். அவன் இந்த முறை உறையவில்லை, ஒரு பாட்டுக்கூடப் பாடிக் காட்டினான். பிறகு என்னிடம் வந்தாள். அவளுடைய மூத்தவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். தையில் கொண்டுபோய் விடுதியில் விடப்போகிறார்களாம்.

கூரைத் தகரம் மாற்றுவதென்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், "நீங்கள் என்ன சொல்லுறீங்கள் அண்ணா?" என்று கேட்பவள் அவள். அப்பா போன பிறகு அந்த வழக்கம் இன்னும் கூடியிருந்தது. நான் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. ஓம், அனுப்பு, பயப்படாதே என்று வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

"தனியப் பதினொரு வயசுப் பிள்ளை..." என்று நானே தொடங்கினேன், அவள் கேட்கட்டும் என்று.

"கையெழுத்து வச்சுக் குடுத்திட்டம் அண்ணா" என்றாள். "உங்களுக்குச் சொல்லுவம் எண்டு எடுத்தனான்."